பதினைந்து நிமிடத்தில் வந்த கோப்பை

மேடம்,

முதல்வர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போன அட்டை ஃபைலைத் திறந்ததும் தைல வாசனை அடித்தது. முழங்காலுக்கு நீங்கள் தேய்த்துக்கொள்ளும் அந்தப் பச்சைத் தைலம். உடற்கல்வித் துறை அறைக்குப் பத்தடி தள்ளி நிற்கும்போதே, அந்த வாசனையை வைத்து நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்வேன். இருந்தால் நூலகப் பக்கமாகச் சுற்றிப் போய்விடுவேன். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த வாசனை வந்ததும் என் கால்கள் தாமாகவே நாற்காலிக்கடியில் பின்னுக்கு நகர்ந்தன.

கல்லூரியின் கூடைப்பந்து மைதானத்துக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்கள். வாசலில் கறுப்புக் கல் நடுவார்கள். அதில் உங்கள் சாதனைகளை வரிசையாக எழுதித் தர வேண்டியது நான். வரலாற்றுத் துறைத் தலைவரும் உங்கள் முதல் அணியின் கேப்டனும் ஒரே ஆளாக இருப்பது நிர்வாகத்துக்கு வசதியாகப் போயிற்று. முதல்வர் கேட்டபோது நான் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடக்கத்தால் அப்படிச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

என் தயக்கம் கல்லின் முதல் வரியைப் பற்றியது. ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் யாராவது ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லும் வரி: "வந்த மூன்றாம் மாதமே பல்கலைக்கழகக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர்." அந்தக் கோப்பை நேர்மையாக வந்தது அல்ல என்று முப்பது வருடமாக நான் நம்பி வந்தேன். உங்களிடம் நேரில் கேட்டதில்லை. ஆனால் நான் நம்புவது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் வந்தது ஒரு தை மாதத்தில். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் நிரந்தரமாக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்று நிர்வாகம் பார்க்கும் என்று முதல் வாரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பெயர்களைக் கேட்க நீங்கள் சிரமப்படவில்லை. சட்டை எண்ணைச் சொல்லியே கூப்பிட்டீர்கள். அந்தக் காலத்து விதிப்படி எண்கள் நான்கில்தான் தொடங்கும். கேப்டன் என்பதால் நான் நாலு.

"ஏ நாலு! பந்தப் பாக்காத, ஆளப் பாரு. பந்து எங்க போவுதுன்னு ஆளோட இடுப்பு சொல்லும்."

அன்னவாசலிலிருந்து பஸ் ஏறி வரும் எனக்கு, ஓர் ஆசிரியை இடுப்பு என்று சத்தமாகச் சொல்வதே திகைப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஏழு சிரித்துவிட்டாள். "சிரிக்கியா? ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்து சிரி" என்றீர்கள். ஓடினாள்.

அந்த வருடம் பல்கலைக்கழகப் போட்டிகள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பங்குனிக்கு வந்துவிட்டன. யாரும் எதிர்பார்க்காமல் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். எதிரணி திருச்சியிலிருந்து வர வேண்டும். நான்கு வருடமாகக் கோப்பையை விடாதவர்கள். ஆட்டம் நம் மைதானத்தில் என்பதால் தேதியைக் குறிக்கும் உரிமை நம் கல்லூரிக்கு, அதாவது உங்களுக்கு. நீங்கள் குறித்தது ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

அந்தத் திங்கட்கிழமை நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குத் தேர்.

இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டாம். பால்குடமும் காவடியுமாகச் சுற்றுவட்டாரம் முழுக்க அங்கே திரளும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலை நார்த்தாமலைப் பிரிவைத் தாண்டித்தான் வர வேண்டும். தேரன்று மதியத்துக்கு மேல் அந்த இடத்தில் பஸ் நின்றால் நின்றதுதான்.

மூன்று மணிக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். எதிர்ப்பக்கத்து பெஞ்சில் யாரும் இல்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் போனதும் உங்களிடம் வந்தார்.

"என்ன மேடம், இன்னுங்கொஞ்சம் பாக்கலாமா? நீங்க ஓகேன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பதினஞ்சு நிமிசம்னு ரூல் இருக்குல்லா சார்? அதச் செய்யுங்க."

பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேர் களத்தில் இல்லையென்றால் ஆட்டம் அவர்கள் கையை விட்டுப் போய்விடும். இருபதுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். எழுதினார்கள். நாங்கள் ஒரு பந்துகூடப் போடாமல் சாம்பியன் ஆனோம்.

அவர்கள் நாற்பதாவது நிமிடத்தில் வந்தார்கள். பிரிவிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து, அந்தப்பக்கம் ஒரு வேனைப் பிடித்து வந்திருந்தார்கள். ஒருத்தியின் வெள்ளைச் சட்டையில் யாரோ தெளித்த மஞ்சள் தண்ணீர். அவர்களுடைய கேப்டன் நேராக என்னிடம் வந்தாள். அவளும் நாலு.

"ஆடாமயே கப்பா? வெக்கமா இல்ல?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலையில்லாத கூடை வளையத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். தெரிந்தே நாள் குறித்திருக்கிறார் என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது. வேலை நிரந்தரமாக ஒரு கோப்பை வேண்டும். நான்கு வருட சாம்பியனை ஆடி ஜெயிக்க முடியாது. தேர் ஜெயித்துத் தரும். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஆனி மாதம் உங்கள் வேலை நிரந்தரமானது. அந்தக் கோப்பைக்குக் கொடுத்த சான்றிதழை வைத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு எம்.ஏ. இடம் கிடைத்தது. உங்களைக் குறை சொன்ன வருடங்களில் இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எனக்குள்கூட அதிகம் சொல்லிக்கொண்டதில்லை.

கல்லூரியை விட்டுப் போகிற அன்று வணக்கம் சொல்ல வந்தேன். நீங்கள் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. "நல்லா வருவே நாலு. ஆனா எதையும் ஆடி ஜெயி" என்றீர்கள். வாசல் தாண்டும்வரை எனக்குக் காது சுட்டது. யார் யாருக்குச் சொல்வது என்று.

பிறகு அதே கல்லூரிக்கு விரிவுரையாளராக வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வளாகத்தில் இருந்தோம். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் என்னை நாலு என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் பெண்கள் வருடா வருடம் ஜெயித்தார்கள். ஆடித்தான் ஜெயித்தார்கள், அதை நான் மறுக்க முடியாது. ஆலங்குடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் வந்து, பந்தை முதல்முறையாகத் தொட்ட பெண்கள் ரயில்வேக்கும் போலீஸுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கு உங்கள் அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். நான் அவற்றைத் தாண்டி வகுப்புக்குப் போவேன்.

உங்கள் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக எழுதுவீர்கள். மாவட்டத்தில் எந்த ஊரில் எந்தக் கிழமை தேர், எந்தத் தர்காவில் கந்தூரி, எங்கே ஜல்லிக்கட்டு, எந்தத் தேவாலயத்தில் சப்பரம். திருவப்பூர், விராலிமலை, கோட்டைப்பட்டினம் என்று ஊர்ப் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு. மார்க்கர் செல்லையாவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதுவீர்கள். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் பந்துகளைப் பாதுகாப்பதும் அவர் வேலை. திருவிழாக் கணக்கு சொல்வது நீங்கள் சேர்த்த வேலை. அந்தத் தாளை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு முறை பலித்த தந்திரத்தைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் அதன்பிறகு எந்த அணியும் தாமதத்தால் உங்களிடம் தோற்கவில்லை. ஒரு தடவை கும்பகோணத்து அணிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தீர்கள். நடுவர் புறப்படப் போனார். "ஒக்காருங்க சார், டீ சொல்லியிருக்கேன், அவங்க வந்துருவாங்க" என்று அவருடைய பையை வாங்கி உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். அதையும் நான் பார்த்தேன். பழைய கறையைக் கழுவுகிறார் என்று முடிவு செய்தேன். ஒருவரைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டால் அவர் செய்யும் நல்லதெல்லாம்கூட சாட்சிக்கு வந்து நிற்கும்.

சிறந்த உடற்கல்வி இயக்குநர் விருதுக்கு உங்கள் பெயரை அனுப்பியபோது, ஆசிரியர் குழுவில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் நான். அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னை நிறுத்தினீர்கள்.

"நீ போடமாட்டேன்னு எனக்குத் தெரியும் நாலு."

"காரணம் இருக்கு மேடம்."

"இருக்கும். எனக்கும்தான் இருக்கு. ஒனக்கு விருதுன்னு ஒண்ணு வந்தா நானும் போட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். உங்களுக்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. வன்மம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஃபைலுக்கு வருகிறேன். உள்ளே நீங்களே கைப்பட எழுதிய உங்கள் பணிக்குறிப்பு இருந்தது. ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆண்டுவாரியாக எந்தக் கோப்பை, யார் கேப்டன், யார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார்கள் என்று எல்லாம் இருந்தது. எழுத்து உங்களைப் போலவே நிமிர்ந்து நின்றது. ஆனால் பட்டியல் நீங்கள் வந்த இரண்டாம் வருடத்தில்தான் தொடங்கியது. முதல் வருடத்துக் கோப்பை இல்லை. என் பெயரும் இல்லை.

மறந்திருக்க மாட்டீர்கள். மறைத்திருக்கிறீர்கள். மறைப்பது குற்றமுள்ளவர்கள் வேலை. எனக்கு ஒப்புதல் வாக்குமூலமே கிடைத்துவிட்டது போலிருந்தது. இருந்தாலும் ஒரு சாட்சியாவது வேண்டும் என்று படித்த புத்தி சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டில் இருக்கும் செல்லையாவைத் தேடி அரிமளம் போனேன்.

அவருக்குக் கண் சற்று மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. நான் யார் என்று மகள் சொல்வதற்குள், "கேப்டனம்மா குரல் மாதிரி இருக்கே. வாங்க வாங்க, இங்கிட்டு ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க" என்றார். கல்லைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, அந்த மொத வருசம் ஃபைனல தேரன்னிக்கு வச்சாங்களே. மேடம் தெரிஞ்சுதானே வச்சாங்க?"

அவர் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மேடத்துக்கு என்னம்மா தெரியும் நார்த்தாமலத் தேரு? அவுக வந்தே மூணு மாசந்தான். திருச்சிக்கு எந்தப் பக்கம் பஸ் ஏறணும்னே என்னத்தான் கேப்பாக."

"அப்ப அந்தத் தேதிய யாரு சொன்னா?"

"நல்லாருக்கே! நீங்கதானம்மா சொன்னீக."

முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காத அந்தப் பேச்சு அப்போதுதான் மங்கலாக நினைவுக்கு வந்தது. அவரே தொடர்ந்தார். "ரூம்புல பந்துக்குத் தையல் போட்டுக்கிட்டு இருந்தேன். மேடம் புதன்கெழம வைக்கலாமான்னாக. நீங்க, பரீச்ச நேரம் கிளாஸ் போயிரும், திங்கக்கெழம லீவு, அன்னிக்கு வைங்க மேடம்னு சொன்னீக. என்ன லீவுன்னு கேட்டாக. சும்மா லோக்கல் லீவு மேடம்னீக."

"சும்மான்னா சொன்னேன்?"

"அப்புடித்தான் சொன்னீக."

"நீங்க அங்கனதானே இருந்தீங்க? ரோடு அடைச்சுக்கிடும்னு நீங்க சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு எங்கம்மா ரோட்டு நெனப்பு? அன்னிக்கு வேல வச்சுட்டீகளே, தேருக்குப் போவ முடியாதேன்னு எனக்கு வயித்தெரிச்ச."

டீ கொண்டுவந்த மகள் சிரித்தாள். "என்னைய ராட்டினம் ஏத்துறேன்னு சொல்லிட்டு ஏமாத்துனியே, அந்தத் தேரா? இன்னும் கூட்டிட்டுப் போவல நீ."

"போடி, ஒம் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேட்ச் முடிஞ்ச பொறவுதான் நான் மேடத்துக்கிட்ட சொன்னேன், இன்னிக்கு அந்த ரோட்டுல யாரும் வர முடியாது, தேர்க் கூட்டம்னு. ஒரு மாதிரி ஆயிட்டாக. 'இது இங்க எல்லாருக்கும் தெரியுமா செல்லையா'ன்னாக. சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்னேன். அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசுனதே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, முப்பது வருடத்தையும் மறுபடி வேறு பக்கத்திலிருந்து படித்தேன். கூடை வளையத்தைப் பார்த்தபடி நின்றது, காற்றடிக்கும்போது நிமிராமல் சொன்னது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் சொன்னது. நான் உங்களைச் சந்தேகித்த ஒவ்வொரு நாளும் நீங்கள் என்னைச் சந்தேகித்திருக்கிறீர்கள். உங்களிடம் என்னைவிட நல்ல ஆதாரம் இருந்தது. இருவரும் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இப்போதும் புரியவில்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கலாம். கோப்பையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், வேலையும் போயிருக்கலாம். செல்லையா சொன்ன அன்றே எல்லாம் தெரிந்தும், ஆனியில் வந்த நிரந்தர உத்தரவை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் மேடம். இதையும் எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உங்களைப் பற்றி எழுதியதாக ஆகாது.

போன வாரம் கல்லுக்கான கூட்டம். நீங்கள் எழுதியபடியே இரண்டாம் வருடத்திலிருந்து தொடங்கி வாசித்தேன். கல்லூரிச் செயலர் கையை உயர்த்தினார்.

"மொத கப்ப விட்டுட்டீங்களேம்மா. அதுதானே கெத்து. வந்த மூணாம் மாசம்!"

"அத அவங்களே சேக்கல சார்."

"அவங்க அடக்கமா விட்டிருப்பாங்க. நம்ம போடுவோம். கண்ணாடிப் பீரோவுல கப்பு இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா அது அவங்க ஜெயிச்சது இல்ல."

"பின்ன யாரு ஜெயிச்சது?"

மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். தேதி சொன்னது யார், எதற்காக, தேர் எங்கே, பஸ் எங்கே நின்றது, அந்தச் சான்றிதழை வைத்து நான் எங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். வகுப்பில் பேசுவது போலத்தான் இருந்தது. முடித்ததும் செயலர் சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப தெரியாமத்தானேம்மா சொன்னீங்க? பரீச்சைக்காகத்தானே?" என்று பரிவோடு கேட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும், எல்லாரும் எழுந்து போய்விடலாம்.

"தெரியல சார்" என்றேன்.

அதுதான் உண்மை. அது தேர் நாள் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை வீட்டில் எல்லாரும் நார்த்தாமலைக்குப் புறப்பட்டார்கள். பந்து விளையாடப் போகிறேன் என்று நான் மட்டும் எதிர்த்திசையில் பஸ் ஏறினேன். அம்மா திட்டியதுகூட நினைவிருக்கிறது. வருடா வருடம் அந்தப் பிரிவில் பஸ்கள் வரிசையாக நிற்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். தேதியைச் சொன்னபோது அந்தச் சாலை என் மனதில் வந்ததா? சும்மா என்ற சொல்லை ஏன் போட்டேன்? பத்தொன்பது வயதில் இருந்த அந்தப் பெண்ணைத் தினமும் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிறேன். வகுப்புக்காகத்தான் என்கிறாள். தெளிவாக, மரியாதையாக, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கல்லில் அந்த வரி வரவில்லை. கோப்பையைப் பீரோவிலிருந்து எடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. திருச்சிக் கல்லூரிக்கு நானே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கல் திறப்பு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. உங்கள் பழைய பெண்கள் வெளியூர்களிலிருந்து வருவார்கள். தேதியைக் குறிக்கச் சொல்லி என்னிடம்தான் கேட்டார்கள். மூன்று பேரிடம் விசாரித்த பிறகுதான் சொன்னேன்.